பொருள்நோக்கு மென்பொருளில் கூறுகளை மறுபயன்பாட்டுக்கு உரியவையாக உருவாக்குவது எப்படி

1968ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் நடைபெற்ற மென்பொருள் பொறியியல் மாநாட்டில், ஒவ்வொரு நிரலும் முதல் வரியிலிருந்து எழுதப்படும் நிலை மாற வேண்டும் என்று கணினியியலாளர் டக்ளஸ் மெக்கில்ராய் வாதிட்டார். துல்லியம், வேகம், நினைவகத் தேவை ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத்தக்க கூறுகள் தொழில்முறையில் தயாரிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. ஏறத்தாழ அதே காலத்தில் நார்வேயின் ஆஸ்லோவில் டாலும் நீகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழி, தரவையும் அதன் மீதான செயல்களையும் ஒன்றாகக் கட்டும் வகுப்பையும், அதிலிருந்து பிறக்கும் துணைவகுப்பையும் நிரலாளர் கையில் கொடுத்தது. இன்று ஜாவாவுக்கான மேவன், ஜாவாஸ்கிரிப்டுக்கான என்பிஎம் போன்ற பொதி மேலாண்மைக் கருவிகளின் களஞ்சியங்களில் மெக்கில்ராய் கேட்ட கூறுகள் குவிந்து கிடக்கின்றன. அப்படியிருந்தும் ஒரே நிறுவனத்தின் மூன்று குழுக்கள் ஒரே வேலைக்கு மூன்று வகுப்புகளை எழுதிக்கொண்டிருப்பதை எங்கும் காணலாம். தாங்கள் எழுதாத வகுப்பு எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்குப் பொறுப்பேற்காது என்று அறிய வழியில்லாதபோது, அதை நம்பிப் பயன்படுத்த யாரும் முன்வருவதில்லை என்பதே இதற்கு முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். ஆகவே இந்த வழிகாட்டி மறுபயன்பாட்டைக் கூறின் ஒப்பந்தத்திலிருந்து, அதாவது அது எதற்குப் பொறுப்பு என்ற எழுத்து உறுதியிலிருந்து, தொடங்குகிறது; மரபுரிமை (ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றைப் பெறுதல்), கம்போசிஷன் (ஒன்றை இன்னொன்றினுள் வைத்துப் பயன்படுத்துதல்), பொதியாக்கம், பதிப்பு எண் எல்லாம் அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் கருவிகளாக அதன் பின்னால் வருகின்றன.

விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ் உரையைக் கையாளும் எந்த நிரலிலும் உரையின் நீளத்தைக் கணக்கிடும் தேவை எழும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாவிலோ பைத்தானிலோ கேட்டால் 5 என்று விடை வரும். ஏனெனில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், எழுத்துகளைக் கணினியில் பதியும் உலகத் தரமான யூனிகோடின்படி, அதில் உள்ளன. படிப்பவருக்கோ அது மூன்றெழுத்துச் சொல். இந்த இடைவெளியை நிரப்ப, உரையை எழுத்துகளாகப் பிரித்துத் தரும் ஒரு கூறை ஜாவாவில் உருவாக்குகிறோம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு ‘எழுத்துப்பிரிப்பான்’ என்று பெயரிடுவோம்.

எதைத் தனிக் கூறாகப் பிரிப்பது

முதன்முறை ஒரு தேவை எழும்போது, அந்த இடத்துக்கு வேண்டிய அளவில் நேராக எழுதிவிடுவது நல்லது. இரண்டாம் முறை எழும்போதும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் முறை எழும்போதுதான் எது பொதுவானது, எது இடத்துக்கு இடம் மாறுவது என்பது தெளிவாகத் தெரியும். அதற்கு முன்பே பொதுமைப்படுத்த முனைந்தால், யாரும் கேட்காத தெரிவுகளும் அளவுருக்களும் நிறைந்த ஒரு வகுப்பே மிஞ்சும்.

மூன்று இடங்களிலும் இருப்பது ஒரே தேவைதானா என்பதையும் சோதிக்க வேண்டும். ஒரு சொல் விளையாட்டு, ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் நிரல், ஒரு ரசீது அச்சிடும் நிரல் ஆகிய மூன்றிலும் ‘நீளம்’ என்ற மெத்தட் (வகுப்பு செய்யும் ஒரு செயல்) இருக்கிறது என்று கொள்வோம். விளையாட்டுக்கு வேண்டியது எழுத்துகளின் எண்ணிக்கை. குறுஞ்செய்திக்கு அது பயன்படாது. ஒரு செய்தியில் 140 பைட்டுகளே அடங்கும் என்பதால், 16 பிட் குறியீட்டில் அனுப்பப்படும் தமிழ்ச் செய்தியில் 70 அலகுகளுக்கே இடமுண்டு, அங்கே ‘தமிழ்’ என்பது ஐந்து அலகுகளாகவே கணக்கிடப்பட வேண்டும். ரசீதுக்கு வேண்டியதோ எழுத்துருவில் அந்தச் சொல் பிடிக்கும் அகலம். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை மூன்றும் வெவ்வேறு காரணங்களுக்காக மாறக்கூடியவை. இவற்றை ஒரே வகுப்பில் திணித்தால், தொலைத்தொடர்பு விதி மாறும்போது சொல் விளையாட்டையும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். வரிகள் ஒத்திருப்பதைக் காட்டிலும், மாறுவதற்கான காரணம் ஒத்திருப்பதையே பிரிப்பதற்கான அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் ஏற்கெனவே உள்ளவற்றைத் தேடுங்கள். யூனிகோடு அமைப்பின் ஐசியு நூலகம் உரையை எழுத்துத் தொகுதிகளாகப் பிரிக்கிறது. பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகம் தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தருகிறது. நம் கூறு ஐசியுவை உள்ளே பயன்படுத்திக்கொண்டு, தமிழுக்கு உரிய முடிவுகளை மட்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் போதும்.

ஒப்பந்தத்தை எழுதுதல்

இங்குதான் அதிக நேரம் செலவிட வேண்டும். நிரல் எழுதும் முன் இடைமுகத்தை, அதாவது வெளியிலிருந்து அழைக்கத்தக்க மெத்தட்களின் அறிவிப்பை, எழுதுங்கள்: ஓர் உரையைப் பெற்று எழுத்துகளின் பட்டியலைத் தரும் ‘பிரி’ என்ற ஒரு மெத்தட், எண்ணிக்கையை மட்டும் தரும் ‘எண்ணு’ என்ற இன்னொன்று. அதன்பின், அதைப் பயன்படுத்துபவர் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் இடைமுகத்தின் ஜாவாடாக் குறிப்பிலேயே (நிரலுக்குள் எழுதும் ஆவணக் குறிப்பு) விடை எழுதுங்கள்.

வெற்று உரை வந்தால் வெற்றுப் பட்டியல் திரும்பும். எதையும் சுட்டாத ‘நல்’ (null) மதிப்பு வந்தால் விதிவிலக்கு எறியப்படும், அதாவது பிழை அறிவிக்கப்படும். திரும்பும் துண்டுகளை வரிசையாக ஒட்டினால் மூல உரை ஒரு குறியீடும் மாறாமல் கிடைக்கும். வேலை முடிந்தபின் உண்மையாக இருக்க வேண்டிய இந்தப் பின்நிபந்தனை சிறியதாகத் தோன்றினாலும், கூறு உள்ளே எந்தத் திருத்தமும் செய்யாது என்ற உறுதியை அது தருகிறது. ‘கொ’ என்ற எழுத்தை, க உடன் ஒகரக் குறி என்ற ஒரே குறியீடாகவும், எகரக் குறியும் கால்குறியும் தனித்தனியாகவும் பதியலாம். இரண்டும் ஒரே எழுத்தாகவே எண்ணப்படும் என்று ஒப்பந்தம் கூற வேண்டும். ‘ஔ’ என்ற உயிரெழுத்தை எத்தனையோ பேர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி உள்ளிடுகிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாவிட்டாலும் அது இரண்டு எழுத்துகள்தான். அதைத் திருத்துவது அழைப்பவரின் பொறுப்பு என்பதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

‘க்ஷ’ ஒன்றா இரண்டா என்பது இன்னும் கடினமான கேள்வி. யூனிகோடின் பொது விதி அதை க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கும். பள்ளியில் படித்தவர்கள் பலர் அதை ஓரெழுத்தாகக் கருதுவார்கள். இரண்டுமே ஏற்கத்தக்கவை என்பதால், எது இயல்புநிலை (எதையும் தேர்ந்தெடுக்காதபோது கிடைப்பது) என்பதை அறிவித்துவிட்டு, மற்றதைத் தேர்ந்தெடுக்கும் வழியையும் தர வேண்டும். எழுதப்படாத முடிவு எதுவாக இருந்தாலும், பயன்படுத்துபவர் தமக்குத் தோன்றியதை ஊகித்துக்கொள்வார். அந்த ஊகம் பொய்க்கும் நாள்வரை அது யாருக்கும் தெரியாது.

இதன் விலை எவ்வளவு பெரியதாக இருக்க முடியும் என்பதை 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம் காட்டியது. ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், அதன் திசையறி அமைப்பின் மென்பொருள் ஏரியான் 4இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. கிடைமட்ட வேகத்துடன் தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் பகுதி அதில் இருந்தது. ஏரியான் 4இன் பாதையில் அந்த மதிப்பு 16 பிட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால் அதற்குப் பாதுகாப்பு இடப்படவில்லை. ஏரியான் 5இன் பாதையோ வேறு. மதிப்பு அளவை மீறியது, மாற்று அமைப்பும் முதன்மை அமைப்பும் ஒரே மென்பொருளைக் கொண்டிருந்ததால் இரண்டும் செயலிழந்தன, பயணம் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் ராக்கெட் சிதறியது. அந்தக் கணக்கீடு ஏரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே அற்றது. பாதுகாப்பு ஏன் விடப்பட்டது என்பதற்கான காரணம் மூலநிரலில் நேரடியாக எங்கும் குறிக்கப்பட்டிருக்கவில்லை என்று விசாரணைக் குழு பதிவு செய்தது. அந்த நிரல் தன் பழைய இடத்தில் சரியாகவே இயங்கியது. அது எந்த எல்லைக்குள் சரி என்ற நிபந்தனைதான் அதனுடன் சேர்ந்து பயணப்படவில்லை.

முன்நிபந்தனை (அழைக்கும் முன் நிறைவேற வேண்டியது), பின்நிபந்தனை, மாறாநிபந்தனை (எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியது) ஆகியவற்றை மொழியின் உறுப்பாகவே ஆக்கியது பெர்ட்ரண்ட் மேயர் வடிவமைத்த ஐஃபெல் மொழி. ஜாவாவில் அந்த வசதி இல்லையென்றாலும், உள்ளீட்டை மெத்தடின் முதல் வரிகளிலேயே சோதித்து மறுப்பதும், எஞ்சியவற்றைச் சோதனைகளாக எழுதுவதும் அதே பயனைப் பெருமளவு தரும்.

மரபுரிமையும் கம்போசிஷனும்

வகுப்புகளைக் கற்கும் எவரும் மறுபயன்பாட்டுக்கு முதலில் நாடுவது மரபுரிமையைத்தான். தாய்வகுப்பின் மெத்தட்கள் அனைத்தும் இலவசமாகக் கிடைப்பது ஈர்ப்பாக இருக்கும். ஆனால் வேண்டாதவையும் சேர்ந்தே வருகின்றன. ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் ஸ்டாக் வகுப்பு, வெக்டர் வகுப்பிலிருந்து பிறந்தது. அடுக்கின் உச்சியில் மட்டுமே வைக்கவும் எடுக்கவும் வேண்டிய ஓர் அமைப்பில், வெக்டரிடமிருந்து வந்த மெத்தட்களைக் கொண்டு நடுவிலும் செருகலாம், நடுவிலிருந்தும் நீக்கலாம். பழைய நிரல்கள் உடையும் என்பதால் அதை இன்றுவரை திருத்த முடியவில்லை. அதற்கு மாறாக, இரு முனைகளிலும் வைக்கவும் எடுக்கவும் உதவும் டெக் (Deque) இடைமுகத்தைப் பயன்படுத்துமாறு ஜாவாவின் ஆவணமே அறிவுறுத்துகிறது. நூலகம் எழுதும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனெனில் வெளியிட்டுவிட்ட மரபுரிமை உறவைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

நம் எடுத்துக்காட்டிலேயே இன்னொரு சிக்கலைக் காணலாம். ‘க்ஷ’வை ஒன்றாக எண்ண விரும்பும் ஒருவர், எழுத்துப்பிரிப்பானிலிருந்து ஒரு துணைவகுப்பைப் பெற்று ‘பிரி’ மெத்தடை மட்டும் மாற்றி எழுதுகிறார். தாய்வகுப்பின் ‘எண்ணு’ மெத்தட் உள்ளே ‘பிரி’யை அழைத்துப் பட்டியலின் நீளத்தைத் தருவதால் எல்லாம் சரியாக நடக்கிறது. சில மாதங்கள் கழித்துத் தாய்வகுப்பை எழுதியவர், பட்டியல் உருவாக்கும் செலவைத் தவிர்க்க ‘எண்ணு’வை நேரடியாகக் கணக்கிடும்படி மாற்றுகிறார். அவருடைய சோதனைகள் அனைத்தும் தேறுகின்றன. ஆனால் துணைவகுப்பில் இப்போது ‘பிரி’ ஒன்று என்கிறது, ‘எண்ணு’ இரண்டு என்கிறது. இருவரில் எவரும் தவறு செய்யவில்லை; தாயின் உள்ளமைப்பு பற்றிய ஓர் ஊகத்தின் மீது சேய் நின்றதுதான் குறை.

ஓர் ஆப்ஜெக்ட் (வகுப்பிலிருந்து உருவாக்கப்படும் பொருள்) இன்னொன்றைத் தன்னுள் வைத்துக்கொண்டு, அதன் இடைமுகத்தின் வழியாக மட்டும் வேலை வாங்கும் கம்போசிஷன் முறையில் இந்த ஆபத்து எழாது. ‘க்ஷ இணைப்பான்’ என்ற வகுப்பு, எழுத்துப்பிரிப்பான் இடைமுகத்தைத் தானும் நிறைவேற்றும். ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போது ஓடும் தன் கட்டமைப்பியில் வேறொரு பிரிப்பானைப் பெற்றுக்கொள்ளும். அது தரும் பட்டியலில் க் என்பதை அடுத்து ஷகரத் துண்டு வந்தால் இரண்டையும் இணைக்கும். ‘எண்ணு’வைத் தன் ‘பிரி’யிலிருந்தே கணக்கிடும். இடையில் இணைப்புத் தடைக் குறியை (ZWNJ என்ற கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு குறியீடு) எழுதியவர் இட்டிருந்தால், பிரித்துக் காட்டுவதே அவர் நோக்கம் என்பதால் இணைக்காமல் விட வேண்டும். இதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். உள்ளே இருப்பது ஐசியுவை நம்பிய பிரிப்பானா, கையால் எழுதியதா என்பது இந்த வகுப்புக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

மரபுரிமைக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1987இல் கணினியியலாளர் பார்பரா லிஸ்கோவ் முன்வைத்த கருத்து இதற்கு நல்ல உரைகல்: தாய்வகுப்பின் ஆப்ஜெக்ட் எதிர்பார்க்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் சேயின் ஆப்ஜெக்ட்டை வைத்தால், அழைக்கும் நிரலின் எதிர்பார்ப்பு எதுவும் பொய்க்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறுவதோடு, எந்த மெத்தடை மாற்றி எழுதலாம், அது எப்போது அழைக்கப்படும் என்பதையும் தாய்வகுப்பு ஆவணப்படுத்தியிருந்தால் மரபுரிமையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அவ்வாறு வடிவமைக்கப்படாத வகுப்புகளை, துணைவகுப்பு பெற முடியாதபடி, ஃபைனல் என்று அறிவித்துவிடுங்கள். ஜாவா 17இலிருந்து, குறிப்பிட்ட சில துணைவகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் சீல்டு வகுப்புகளும் கிடைக்கின்றன.

சூழலிலிருந்து விடுவித்தல்

ஒரு வகுப்பு தானாகவே கோப்பைத் திறந்து அமைப்புகளைப் படித்தால், கணினியின் கடிகாரத்தை நேரே கேட்டால், எங்கிருந்தும் எட்டத்தக்க பொது மாறியைத் தொட்டால், அது தன் பழைய வீட்டை விட்டு வெளியே வர முடியாது. அதற்கு வேண்டியவை அனைத்தும் கட்டமைப்பியின் வழியாக வரட்டும். நேரம் தேவைப்படும் வகுப்புக்கு, ஜாவா 8இல் வந்த கிளாக் ஆப்ஜெக்ட்டைக் கொடுத்துவிட்டால் சோதனையில் கடிகாரத்தை நிறுத்தியும் வைக்கலாம். இதற்கு ஸ்பிரிங் போன்ற பெரிய சட்டகம் கட்டாயமில்லை. சட்டகம் செய்வது ஆப்ஜெக்ட்களைப் பொருத்தும் வேலையை மட்டுமே. கூறாக வெளியிடப்படும் வகுப்புகளில் அந்தச் சட்டகத்தின் குறிப்புகள் ஒன்றும் இல்லாமல் இருப்பதையே விரும்புகிறேன். நிரல் இயங்கும்போது நடப்பவற்றைப் பதிவேட்டில் (log) எழுத வேண்டுமானால் எஸ்எல்எஃப்4ஜே போன்ற இடைமுகத்தை மட்டும் சாருங்கள்; எந்தப் பதிவுக் கருவியைப் பூட்டுவது என்பதை முழு நிரலை எழுதுபவர் முடிவு செய்யட்டும்.

பிறருடைய நூலகத்தைச் சுற்றி ஓர் அடாப்டர் வகுப்பை எழுதுவதும் இதே நோக்கத்துக்காகத்தான். ஐசியுவின் பெயர் நம் நிரலில் ஒரே ஒரு வகுப்பில் மட்டும் தென்பட வேண்டும். உரையைப் பிரிக்கும் ஐசியுவின் பிரேக்இட்டரேட்டர் தான் நிற்கும் இடத்தைத் தன்னுள் நினைவில் வைத்திருப்பது. பல இழைகள் (ஒரே நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரே ஆப்ஜெக்ட்டைப் பகிர்ந்தால் விடைகள் குழம்பும். அடாப்டர் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு நகலை எடுத்துக்கொண்டால், நம் இடைமுகம் இழைப் பாதுகாப்பானது என்று உறுதியளிக்கலாம்.

ஜெனரிக்ஸ் பற்றி ஒரு சொல்: தரவு வகையையே அளவுருவாகக் கொடுக்க உதவும், 2004இல் ஜாவா 5உடன் வந்த இந்த வசதி, பட்டியல் போன்ற கொள்கலன்களையும் வழிமுறைகளையும் எழுதுவோருக்கு இன்றியமையாதது. அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் சி++ மொழிக்குத் தந்த எஸ்டிஎல் நூலகம், வழிமுறையைக் கொள்கலனிலிருந்து பிரித்ததால்தான் ஒரே வழிமுறை பல கொள்கலன்களுக்குப் பயன்படுகிறது. ஆனால் நம் பிரிப்பானுக்கு அளவுரு வகை எதுவும் தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் அதைச் சேர்ப்பது படிப்பவருக்குச் சுமையாகும்.

ஒப்பந்தத்தைச் சோதனையாக்குதல்

ஒப்பந்தத்தில் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஜாவாவின் சோதனைக் கருவியான ஜேயூனிட்டில் ஒரு சோதனை எழுதுங்கள். அவற்றை ஓர் அருவ வகுப்பில் (சில மெத்தட்களைத் துணைவகுப்பு நிரப்பும்படி விட்ட வகுப்பு) வைத்து, ‘சோதிக்கப்படும் பிரிப்பானைக் கொடு’ என்ற ஒரு மெத்தடை மட்டும் நிரப்பாமல் விடுங்கள். ஐசியு அடாப்டருக்கு ஒரு துணைவகுப்பு, கையால் எழுதியதற்கு ஒன்று, க்ஷ இணைப்பானுக்கு ஒன்று என்று எழுதினால், ஒரே சோதனைத் தொகுதி எல்லாவற்றின் மீதும் ஓடும். மரபுரிமை மிகப் பொருத்தமாக அமையும் இடங்களில் இது ஒன்று. ‘தமிழ்’ மூன்று, வெற்று உரை சுழியம், இருவகைப் பதிவிலும் ‘கொ’ ஒன்று, உரையின் தொடக்கத்திலேயே தனித்து நிற்கும் உயிர்க்குறி, ஆங்கிலமும் தமிழும் கலந்த வரி, ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்து ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். இயல்புநிலையும் தெரிவும் வேறுபடும் ‘க்ஷ’ போன்றவற்றுக்கான எதிர்பார்ப்பை மட்டும் துணைவகுப்புகள் தனித்தனியே தரட்டும். துண்டுகளை ஒட்டினால் மூல உரை கிடைக்கும் என்ற விதியை, தற்செயலாக உருவாக்கிய ஏராளமான உரைகளின் மீது ஓட்டிப் பாருங்கள்.

பொதியாக்கமும் பதிப்பு எண்ணும்

வரிகளை நகலெடுத்துக் கொடுக்காமல், பெயரும் பதிப்பு எண்ணும் உடைய பொதியாக வெளியிட்டால்தான் திருத்தம் எல்லோரையும் சென்றடையும். மேவனில் குழுப் பெயர், பொதிப் பெயர், பதிப்பு எண் ஆகிய மூன்றும் ஒரு கூறை அடையாளம் காட்டுகின்றன. பதிப்பு எண்ணை மூன்று பகுதிகளாக வைக்கும் செமான்டிக் வெர்ஷனிங் முறையில், ஒப்பந்தம் உடையும் மாற்றத்துக்கு முதல் எண்ணும், பழையதைக் கெடுக்காத புதிய வசதிக்கு நடு எண்ணும், பிழைதிருத்தத்துக்குக் கடைசி எண்ணும் உயரும். ‘க்ஷ’வின் இயல்புநிலையை இரண்டிலிருந்து ஒன்றாக மாற்றினால், எந்த மெத்தடின் வடிவமும் மாறாது, எல்லா நிரல்களும் முன்போலவே கம்பைல் ஆகும், ஆயினும் முதல் எண்ணை உயர்த்தியே தீர வேண்டும். இரு பதிப்புகளின் வெளித்தெரியும் மெத்தட்களை ஒப்பிடும் கருவிகள் உள்ளன, அவற்றைப் பயன்படுத்துவதும் நல்லதே. ஆனால் இவ்வகை மாற்றத்தை அவை கண்டுபிடிக்க மாட்டா.

பிறர் கூறுகளைச் சேர்க்கும்போது அவை சார்ந்திருக்கும் கூறுகளும் உடன் வருகின்றன. ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் இரு வழிகளில் வந்தால், மேவன் நம் நிரலுக்கு மிக அருகில் உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுக்கும். கிரேடில் என்ற இன்னொரு கட்டுமானக் கருவி இயல்பாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் இயங்கும் நேரத்தில் பிழைகளைச் சந்திப்பார்கள். சார்பு மரத்தை அச்சிடும் கட்டளை இரண்டு கருவிகளிலும் உண்டு; புதிய கூறைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அதை ஓட்டிப் படியுங்கள். 2021 டிசம்பரில், பதிவேடு எழுதும் ஜாவா நூலகமான லாக்4ஜே 2இன் கடும் பாதுகாப்புக் குறை வெளியானபோது, அந்த நூலகம் தங்கள் நிரலுக்குள் வேறொரு கூறின் வழியாக நுழைந்திருப்பதையே பலர் அன்றுதான் அறிந்தார்கள். சைக்ளோன்டிஎக்ஸ் வடிவில் கூறுகளின் பட்டியலை ஒவ்வொரு வெளியீட்டுடனும் உருவாக்குவதும், அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஓவாஸ்பின் டிபென்டன்சி-செக் போன்ற கருவியைத் தானியங்கிக் கட்டுமானத்தில் சேர்ப்பதும் இன்று அடிப்படைக் கடமைகள். உரிமத்தையும் அப்போதே பாருங்கள். ஜிபிஎல் உரிமத்தின் கடமைகள் எம்ஐடி, அபாச்சி உரிமங்களின் கடமைகளிலிருந்து பெரிதும் வேறுபட்டவை.

எல்லாவற்றையும் வெளியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதில்லை. 2016 மார்ச்சில், உரையின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை மாற்றித் தரும் பேபல் உட்படப் பல திட்டங்களின் கட்டுமானம் நின்றது. அளவில் சிறியதும், பொருளில் மாறாததும், ஓரிரு சோதனைகளில் முழுமையாகச் சரிபார்க்கத்தக்கதுமான ஒன்றை நாமே எழுதி வைத்துக்கொள்வதே மேல். யூனிகோடு விதிகள் அவ்வகையைச் சேர்ந்தவையல்ல. அவை தொடர்ந்து புதுப்பிக்கப்படுவதால், அதையே பணியாகக் கொண்டவர்களின் கூறைச் சார்வதுதான் அறிவுடைமை.

வெளியிட்ட கூறுக்குப் பொறுப்பாளர் ஒருவர் பெயரளவில் இல்லாமல் உண்மையாகவே இருக்க வேண்டும். முகப்பு ஆவணத்தில், நகலெடுத்து உடனே ஓட்டத்தக்க ஓர் எடுத்துக்காட்டை முதலிலும், கூறு செய்யாதவற்றை அதை அடுத்தும் எழுதுங்கள்; குறுஞ்செய்தி அளவுக்கும் அச்சு அகலத்துக்கும் இது உதவாது என்ற ஒரு வரி, தவறான இடத்தில் இதைப் பொருத்த வந்தவரை முதல் நிமிடத்திலேயே திருப்பி அனுப்பும். ஒரு மெத்தடை விலக்க நேர்ந்தால் உடனே நீக்கிவிடாமல், விலக்கப்படுவதைக் காட்டும் டெப்ரிகேட்டட் குறியை இட்டு, எந்தப் பதிப்பிலிருந்து விலக்கப்படுகிறது, நீக்கப்படவே போகிறதா என்பதை ஜாவா 9இலிருந்து கிடைக்கும் வசதியால் அந்தக் குறியிலேயே தெரிவித்து, மாற்றாக எதை அழைக்க வேண்டும் என்று ஜாவாடாக்கில் எழுதுங்கள். குறைந்தது ஒரு நடு எண் வெளியீட்டிலாவது பழையதும் புதியதும் சேர்ந்து இருக்கட்டும், அடுத்த முதல் எண் வெளியீட்டில் பழையதை நீக்கிக்கொள்ளலாம்.